அப்செட் கட்டம்

"அப்செட்" என்ற வார்த்தையை சிஸ்டர் முன்னால் சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. ஊசி போட எடுத்த கை அப்படியே நிற்கும். சொன்ன ஆளை மேலும் கீழும் பார்ப்பார். "என்னாத்துக்கு அப்செட்டு?" என்பார். பதில் வராது. "ஆரால?" என்பார். அதற்கும் வராது. ரெண்டும் தெரியாதென்றால் அந்த வார்த்தை எதற்கு வாயில் வருகிறது என்று கேட்பார். அதன் பிறகுதான் நிஜமான கோபம் ஆரம்பிக்கும்.

எனக்கும் இன்று அந்த வார்த்தையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் கோபத்துக்கு ஒரு நேர்மை இருந்தது, எதிரில் நிற்கிற ஆள்மேல் அது நேராகப் போய் விழும். என் கோபத்துக்குப் போக இடமில்லை. ஏனென்றால் அந்த ஒரே வார்த்தையை வைத்துத்தான் அவரை நான் கவிழ்த்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அந்த அருகதை இல்லை.

கடத்தூரிலிருந்து பைக்கில் முக்கால் மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலைக்கு நான் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். கிராம சுகாதார செவிலியர் என்பது பதவியின் பெயர். ஊருக்கெல்லாம் சிஸ்டர். அடிவாரத்தில் நாலு ஊர், மலைமேல் ஆறு ஊர் அவர் பொறுப்பு. காலில் ஆண்கள் போடுகிற தடித்த ரப்பர் செருப்பு, தோளில் தடுப்பூசிப் பெட்டி. மலைக்குப் போகிற சித்தேரி பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு அவருடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் கண்டக்டரே எழுப்பிவிடுவார். அவருக்கும் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் இருந்தது.

மெதுவாகப் பேசவே தெரியாது. ஒரு பெண்ணின் காதில் சொல்ல வேண்டிய விஷயம் சீட்டு வாங்குகிற வரிசை வரைக்கும் கேட்கும். அதனால் கூச்சப்பட்டு ஓடியவர்களும் உண்டு. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். குடும்பத்தைப் பற்றி அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஊரில் இருக்கிற அத்தனை வீட்டு விவகாரமும் தெரிந்த ஒருத்தரிடம் உங்கள் வீட்டில் யார் யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். இப்போது நினைத்தால் அதுவும் எரிகிறது.

அந்த வார்த்தையை யார் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவர் ஒரு அகராதியே வைத்திருந்தார். மாமியார் மருமகளைப் பற்றிச் சொன்னால், மருமகள் ரெண்டு நாளாக மாட்டுக்கொட்டகை கூட்டவில்லை. புருஷன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னால், கன்னத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆம்பளை தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டால் முந்தின நாள் சாயந்தரம் கடைக்குப் போய் வந்திருக்கிறான். காலேஜ் போகிற பெண் சொன்னால் செல்போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். மேலதிகாரி சொன்னால் மாத இலக்கு வரவில்லை. "வவுறு அப்செட்டுன்னு வர்றான் பாரு, அவன் ஒருத்தன்தான் நெசம் சொல்றான், அவனுக்கு மாத்திரை குடு" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

ஒரு நாள் ஒரு டிராக்டர்காரர் மனைவியைக் கூட்டி வந்தார். நெற்றியில் காயம். "கொஞ்சம் அப்செட்டா இருந்தாங்க சிஸ்டர், வெளிய நின்னுட்டிருந்தாங்க, கதவுல இடிச்சிக்கிட்டாங்க" என்றார். சிஸ்டர் பஞ்சால் துடைத்துக்கொண்டே கதவு எத்தனை அடி உயரம் என்று கேட்டார். அவர் ஆறடி என்றார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். உள்பக்கம் என்றார். உள்பக்கம் திறக்கிற கதவு வெளியில் நின்ற பெண்ணின் நெற்றியில் எப்படி இடிக்கும் என்று மூன்றாவது கேள்வி வந்தது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் அந்த ஆளைப் பார்த்தார்கள். அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த அம்மாள் மட்டும் பெஞ்சில் இருந்தார். சிஸ்டர் அன்று தன் சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் கொடுத்து முழுக்கச் சாப்பிட்ட பிறகுதான் அனுப்பினார்.

நான் சேர்வதற்குச் சற்று முன்புதான் அந்தப் புதுப் படிவம் வந்திருந்தது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைத் தாய்மார்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளோடு ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருந்தது. கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வுடன் காணப்பட்டாரா, ஆம் அல்லது இல்லை. அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் அது "அப்செட் கட்டம்". சிஸ்டர் அந்தப் பெயரைக் கேட்டு என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார், வசவு சொல்கிற மாதிரி.

மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண் என்ன சொல்வாள்? "அதெல்லாம் இல்லைங்க" என்பாள். அந்த வார்த்தையை அவள் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு வெளியே கேட்டதே இல்லை. சிஸ்டர் அந்தக் கேள்வியை ஒரு வாரம் கேட்டுப் பார்த்தார். அப்புறம் தூக்கி எறிந்துவிட்டுத் தன் கேள்வியை வைத்துக்கொண்டார். "கடைசியா எப்ப சிரிச்ச? எதுக்கு சிரிச்ச?" யோசிக்காமல் பதில் சொல்கிறவளுக்குக் கட்டத்தில் இல்லை. ஆட்டுக்குட்டி துள்ளினதுக்கு, கொழுந்தனார் வேட்டி தடுக்கி விழுந்ததுக்கு என்று எத்தனையோ பதில். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறவளுக்கு ஆம்.

இதற்காக நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தார். அரசாங்கப் படிவத்தில் இருந்த கட்டங்களைப் பார்த்து அப்படியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். கடைசியில் சிவப்புப் பேனாவில் தனியாக ரெண்டு கட்டம். ஒன்று "கடைசியா சிரிச்சது". இன்னொன்று "ஆரால". மாமியார், வூட்டுக்காரன், மில் சூப்பர்வைசர், கூடப்பொறந்த அண்ணன் என்று அந்தக் கட்டத்தில் பெயர்கள் இருக்கும். எழுதியதோடு நிற்க மாட்டார். அடுத்த தடவை அந்த ஊருக்குப் போகும்போது அந்த ஆளையும் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவார். அது அவர் வேலை இல்லை. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

அதில் ஒரு முறை அவரே சறுக்கினார். அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு ஆம் போட்டு, ஆரால என்ற இடத்தில் மாமியார் என்று எழுதிவிட்டார். அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை, இவராக எடுத்துக்கொண்டது. நேரே வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்த மாமியார் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லியிருக்கிறாள், அந்தப் பெண் படுத்த படுக்கையாகக் கிடக்கும் இந்த நாலு மாதமாக அவளுக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, குழந்தையையும் குளிப்பாட்டுவது அந்த அம்மாள்தான் என்று. சிஸ்டர் மறுநாள் அந்த வீட்டுக்குப் போனார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. அந்த அம்மாளின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "நான் நேத்து பேசுனது தப்புங்க. எந்தத் தப்பும் உங்க மேல இல்ல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம். நேற்றுச் சத்தம் தெருவுக்குக் கேட்டதே, இதுவும் கேட்க வேண்டாமா என்பது அவர் நியாயம். அதற்கப்புறம் "ஆரால" கட்டத்தில் புதிதாக ஒன்றும் எழுத ஆரம்பித்தார்: "ஆருமில்ல. ஒடம்பு." அப்படி எழுதியவர்களை டாக்டர் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடு போடுவார்.

என்னையும் அவர் விடவில்லை. ஒரு நாள் மதியம் மாமியாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்லைங்க அத்த, அவ கொஞ்சம் அப்செட்டா இருக்கா, ரண்டு நாள்ல சரியாயிரும்" என்று நான் சொன்னது சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. போனை வைத்ததும் எதிரில் வந்து நின்றார். சோற்றுக் கையோடு.

"என்னாத்துக்கு?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் மனைவி ஒரு வருஷமாக அரசுத் தேர்வுக்குப் படித்தாள். தேர்வு தர்மபுரியில், ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு பாலக்கோட்டில் என் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. சித்தப்பா தக்காளி மண்டியில் பெரிய ஆள், போகாவிட்டால் பேச்சு வரும். அடுத்த தேர்வுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளையும் பைக்கில் ஏற்றிப் பாலக்கோட்டுக்குக் கூட்டிப்போனேன். தர்மபுரி போகிறோம் என்றுதான் அவள் ஏறினாள். வழியில்தான் சொன்னேன். அன்றைக்கு மொய் எழுதிச் சாப்பிட்டுத் திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் பேசவில்லை.

சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். "இவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு அதுக்கு நாலெழுத்துல ஒரு பேரு வெச்சிட்ட பாரு" என்றார். "ஆராலன்னு கேட்டா உன் பேரத்தான தம்பி எழுதணும்." அந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னிடம் பேசவில்லை. மனைவியிடம் ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த தேர்வுக்கு நான் அவளைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நாலு மணி நேரம் வெயிலில் நின்றேன். அந்தத் தேர்வில் அவள் பாஸாகவில்லை. ஆனாலும் சிஸ்டர் என்றால் அவளுக்கு அதற்கப்புறம் உயிர்.

இவ்வளவு சொல்லிக் கொடுத்த பிறகும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் போகும்போது ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். அப்செட் கட்டத்தில் யாருக்காவது ஆம் போட்டால் உடனே நாலு பக்கத்துக்கு இன்னொரு படிவம் திறக்கும். தர்மபுரியிலிருந்து மனநல டாக்டர் வண்டி வர வேண்டும். வரும் வரைக்கும் அந்தப் பெயர் திரையில் சிவப்பாகவே நிற்கும். மாதக் கூட்டத்தில் ஏன் இத்தனை சிவப்பு என்று கேட்பார்கள். அதனால் முதல் ஆளுக்கு இல்லை என்று போட்டு, மவுஸைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். எல்லோருக்கும் இல்லை. முப்பது வினாடி வேலை. அந்த ஒரு கட்டத்துக்கு நான் சிஸ்டரின் நோட்டைத் திறந்தே பார்ப்பதில்லை. மற்றதெல்லாம் ஒழுங்காக ஏற்றுவேன். எடை, ரத்த அளவு, ஊசி போட்ட நாள் எதிலும் பிசகு வராது. நல்ல பையன் என்று பெயர்.

அந்தச் சமயத்தில்தான் மலைமேல் ஒரு ஊரில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு சிஸ்டர் ஆம் போட்டார். மூன்று மாதக் குழந்தை. கடைசியாகச் சிரித்தது அவளுக்கு நினைவில்லை. பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது, கை தானாக விட்டுவிடும் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். புருஷன் நல்லவன், மாமியார் நல்லவள். "ஆருமில்ல. ஒடம்பு. புள்ள பொறந்தப்பறம் வர்ற சீக்கு. மருந்துல தீரும். டாக்டர் சீக்கிரம் பாக்கணும்" என்று எழுதி ரெண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

அந்த வாரமே சிஸ்டருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நாற்பது நாள் லீவு. கிளம்பும் முன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்த மலையூருப் பொண்ணு பேரு ஏத்திட்டியா?"

"ஏத்திட்டங்க சிஸ்டர்."

"வண்டி போயிரும்ல? வரும்னு அவங்க வூட்ல சொல்லிட்டு வந்திருக்கறன்."

"போயிரும்ங்க."

பேரை ஏற்றியிருந்தேன் என்பது பொய்யில்லை. ஏற்றியது என்னவென்று அவர் கேட்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

லீவு முடிந்து வந்த முதல் நாளே அவர் சித்தேரி பஸ் ஏறினார். இறங்கும் இடத்தில் அந்தப் பெண்ணின் புருஷன் நின்றிருந்தான். அவனிடம்தான் கேட்டிருக்கிறார், எப்படி இருக்கிறாள் என்று. அவன் அழுதிருக்கிறான். வண்டி வரும் என்று சிஸ்டர் சொன்ன நாளிலிருந்து தினமும் காலை பஸ்ஸுக்கும் மதிய பஸ்ஸுக்கும் அந்த இடத்தில் வந்து நிற்கிறானாம். டாக்டர் வண்டிக்கு வழி தெரியாமல் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று. நாற்பது நாள். கூலி வேலையை விட்டுவிட்டு.

அவள் ஆட்டுக்கொட்டகையை ஒட்டின அறையில் இருந்தாள். வெளியே தாழ்ப்பாள். ரெண்டு முறை விடியற்காலையில் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டாள், மூன்றாவது முறை போனால் என்ன செய்வது என்று பயந்து பூட்டியிருக்கிறார்கள். மாமியார் கையில் குழந்தை. "ரொம்ப அப்செட்டா இருக்கறாளுங்க, அதான் வெளிய வுடல. நீங்க வண்டி வரும்னீங்க" என்று அந்த அம்மாள் சொன்னாராம். அந்த வார்த்தைக்கு சிஸ்டர் கோபப்படாத ஒரே தடவை அதுதான். தானே தாழ்ப்பாளைத் திறந்து, அவளைக் குளிப்பாட்டி, மதிய பஸ்ஸில் இறக்கி, தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அவருக்குத் தையல் பிரித்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். மருந்து வேலை செய்தது. சிஸ்டர் எழுதியது போலவே அது மருந்தில் தீருகிற சீக்குத்தான்.

ஆனால் ஒரு பெண்ணை நாள்கணக்கில் பூட்டி வைத்திருந்தார்கள் என்ற விஷயம் வெளியே போய்விட்டது. மேலே இருந்து ஒரு அதிகாரி வந்தார். டாக்டர் அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே இல்லை என்று இருந்தது.

"நீங்கதான பாத்தீங்க? உங்களுக்கே தெரியலையா?" என்று சிஸ்டரிடம் கேட்டார்.

சிஸ்டர் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரி புரட்டினார். சிவப்புக் கட்டங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இது நாங்கள் கொடுத்த பதிவேடு இல்லையே என்றார். நீங்களாகக் கட்டம் போட்டிருக்கிறீர்கள், பொதுமக்கள் வீட்டுச் சண்டையை எல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள், இதை எப்போது எழுதினீர்கள் என்று யாருக்குத் தெரியும், நேற்றுக்கூட எழுதியிருக்கலாமே என்றார். கம்ப்யூட்டரில் இருப்பதுதான் கணக்கு. இத்தனை வருஷம் அவர் பெருமையாக வைத்திருந்த அந்த ரெண்டு சிவப்புக் கட்டங்களே அவருக்கு எதிராக நின்றன.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. "தம்பி, நீ சொல்லு" என்றார்.

எனக்கு அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மனைவிக்கு ஏழாம் மாதம். முந்தின ஞாயிறுதான் வளைகாப்பு. இதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை. அப்போது மண்டைக்குள் ஓடியது இதுதான் என்று சொல்கிறேன். அதிகாரி என்னைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"சிஸ்டருக்கு இப்பத்தான் ஆபரேஷன் ஆச்சுங்க சார். கொஞ்சம் அப்செட்டா இருக்காங்க."

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. எவ்வளவு நிம்மதி அந்த முகங்களில். அதிகாரி உடனே குரலைத் தணித்துக்கொண்டார். டாக்டர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். மருந்து கொடுக்கிற அம்மாள் சிஸ்டருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் ஏதோ பெருந்தன்மையாகப் பேசிவிட்ட மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கை வெட்டிக்கொண்டாலும் தகும். ஒரே வார்த்தையில் அவர் சொன்னது, எழுதியது, மலையேறிப் போய் இறக்கி வந்தது எல்லாம் ஆபரேஷன் ஆன பொம்பளையின் புலம்பலாகிவிட்டது.

நான் அந்தக் கேள்விகளுக்காகக் காத்திருந்தேன். என்னாத்துக்கு என்பார், ஆரால என்பார். கேட்டிருந்தால் ஒருவேளை நான் உடைந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. தண்ணீர் வந்தது, குடிக்கவில்லை. தோள்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நோட்டு மேசைமேலேயே கிடந்தது. அதிகாரி அதைப் பீரோவில் வைக்கச் சொன்னார், நான்தான் வைத்தேன். நாலு நாள் கழித்து சிஸ்டர் வந்து தன் பொருட்களை எல்லாம் எடுத்துக்கொண்டார். பீரோவைத் திறக்கச் சொல்லி நோட்டை வாங்கி, ஜன்னலோரம் நின்றபடியே எதையோ எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று மருந்து கொடுக்கிற அம்மாள் சொன்னார். நான் அன்று வேண்டுமென்றே லீவு போட்டிருந்தேன்.

அவரைப் பென்னாகரம் பக்கம் மாற்றிவிட்டார்கள், மெமோவும் கொடுத்து. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எங்களுக்குப் பெண் பிறந்தது. சிஸ்டர் ஏன் பிள்ளையைப் பார்க்க வரவில்லை என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவங்க கொஞ்சம் என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒன்பதாம் மாத ஊசிக்கு அந்த மலைப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நன்றாகத் தேறியிருந்தாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் சிரித்தபடி விடுவித்தாள். என் மேசைக்கு வந்து, "சிஸ்டர் எங்கீங்க?" என்று கேட்டாள். மாறிப் போய்விட்டார்கள் என்றேன். "ஏனுங்க?" என்றாள். அவள் கேட்டது வெறும் கேள்விதான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவள் போனதும் அவள் பெயரைத் திறந்து, அந்த இல்லையை ஆம் என்று மாற்றப் பார்த்தேன். மாதம் முடிந்துவிட்டால் மாற்ற விடாது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். அப்புறம்தான் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். நாலு மாதமாக அதைத் தொடாமல் இருந்திருக்கிறேன்.

அவள் வரி அப்படியே இருந்தது, ரெண்டு அடிக்கோட்டோடு. அதற்குக் கீழே சில பெயர்கள். கடைசி வரியில் சிஸ்டர் தன் பெயரை எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் நர்சுகளுக்கு வரிசை கிடையாது. இந்த நோட்டில் இருந்தது. வயது, ஊர், எடை எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தார். அப்செட் கட்டத்தில் ஆம்.

கடைசியா சிரிச்சது என்ற இடத்தில், "ஞாயித்துக்கெழம, வளகாப்புல" என்று இருந்தது. என் மனைவியின் வளைகாப்பு. தையல் வலியோடு வந்து, அவளுக்கு ரெண்டு கையிலும் வளையல் போட்டு, தக்காளி சோறு நல்லாயிருக்குது என்று ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னவோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்து அவரும் சிரித்தார். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்தேன்.

ஆரால என்ற கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதை இன்னொரு முறை படித்தேன். என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும், வளைகாப்புப் பத்திரிகையிலேயே இருந்தது. அதை எழுதியிருக்கலாம். துரோகி என்று எழுதியிருக்கலாம்.

கம்ப்யூட்டர் தம்பி என்று எழுதியிருந்தார்.